ஈரலின் காவல்காரன் களைத்துப் போனது ஏன்?

திருச்சுழிப் பக்கத்தில் ஒரு வாலிபன். வயது இருபத்தாறு. மல்லி மூட்டையை ஒற்றை ஆளாகத் தூக்கி வண்டியில் போடுவான். தலைவலி என்று ஒரு நாள் கூடப் படுத்தவன் அல்ல.

இரண்டு வருஷம் மழை ஏமாற்றியது. கண்மாய் வறண்டது. சவூதியில் வேலை இருப்பதாக ஒருவர் சொன்னார். பாஸ்போர்ட் எடுத்தான். அக்காளின் நகை அடகுக்குப் போயிற்று. ஏஜெண்டுக்குப் பணம் கட்டியாயிற்று. பாக்கி இருந்தது ஒரே ஒரு மருத்துவப் பரிசோதனைதான்.

ரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்தது.

"தகுதி இல்லை!"

அவன் ரத்தத்தில் ஹெபடைடிஸ்-பி கிருமி இருந்ததாம். வீட்டுக்கு வந்து தாயிடம் சொன்னான். அவள் மகனை வெளிச்சத்துக்கு இழுத்துக் கண் இமையை விலக்கிப் பார்த்தாள்.

"மஞ்சக்காமாலையா? கண்ணு வெள்ளையாத்தானே இருக்கு! ஒனக்கு ஒண்ணும் இல்லய்யா. எதுக்கும் கீழாநெல்லி அரைச்சுத் தாரேன். வெறும் வயித்துல குடி."

இந்த வாலிபனும் தாயும் நாமாகக் கற்பனை செய்துகொண்டவர்கள். ஆனால் அவர்கள் நிலைமை கற்பனை அல்ல. வளைகுடா நாடுகள் பலவற்றுக்கு வேலைக்குப் போகிறவர்களின் ரத்தத்தில் இந்தக் கிருமி இருந்தால் அனுமதி கிடைப்பதில்லை. சிலர் ரத்ததானம் செய்யப் போய்த் தெரிந்துகொள்கிறார்கள். சிலருக்குப் பிரசவத்துக்கு முன் எடுக்கும் பரிசோதனையில் தெரிகிறது. இந்தியாவில் 2022-ம் ஆண்டில் 2 கோடியே 98 லட்சம் பேரின் உடலில் இந்தக் கிருமி குடியிருந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. அவர்களில் பெரும்பாலோருக்கு அது தெரியவே தெரியாது.

கிருமி உள்ளே இருக்கிறது. ஆள் திடமாக இருக்கிறான். இது எப்படி?

ஆஸ்திரேலியாவில் கிடைத்த துப்பு

இந்தக் கிருமியைக் கண்டுபிடித்த கதையே விந்தையானது. கண்டுபிடித்தவர் அதைத் தேடிப் போகவில்லை!

பரூக் பிளம்பர்க் என்பவர் அமெரிக்க விஞ்ஞானி. பல நாட்டு மக்களின் ரத்தத்தை வாங்கி, ஒருவர் ரத்தத்துக்கும் இன்னொருவர் ரத்தத்துக்கும் என்ன வித்தியாசம் என்று ஒப்பிட்டுப் பார்ப்பது அவர் வேலை. 1963-ல் ஆஸ்திரேலியப் பழங்குடி மனிதர் ஒருவரின் ரத்தத்தில் இதுவரை காணாத ஒரு பொருள் இருந்தது. அதற்கு 'ஆஸ்திரேலியா ஆன்டிஜன்' என்று பெயர் வைத்தார். அது என்ன பொருள் என்று அவருக்கே தெரியாது. சில வருஷங்களுக்குப் பிறகுதான், அது ஒரு வகை மஞ்சள் காமாலைக் கிருமியின் மேல் சட்டை என்று புலப்பட்டது. 1976-ல் பிளம்பர்க்குக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் பிறந்த தினமான ஜூலை 28-ஐத்தான் உலகம் முழுவதும் ஈரல் அழற்சி தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

இந்தப் பெரிய விஞ்ஞானிக்கும் நம் ஊர் வரப்பில் முளைக்கும் கீழாநெல்லிக்கும் ஒரு தொடர்பு உண்டு!

சென்னையில் நடந்த சோதனை

ஐப்பசியில் நாலு மழை விழுந்தால் போதும். அருப்புக்கோட்டைக் கரிசலில், கிணற்று மேட்டில், வாய்க்கால் ஓரத்தில் கீழாநெல்லி தலை காட்டும். இலைக் காம்பைத் திருப்பிப் பார்த்தால் அடியில் கடுகுபோல வரிசையாகக் காய் தொங்கும். அதனால்தான் அந்தப் பெயர். மஞ்சள் காமாலை என்றால் இதை அரைத்து மோரில் கலக்கிக் கொடுப்பதும், உப்பில்லாப் பத்தியம் இருப்பதும் எத்தனையோ தலைமுறைப் பழக்கம்.

பாட்டி வைத்தியம்தானே என்று விஞ்ஞானிகள் ஒதுக்கிவிடவில்லை. பிளம்பர்க்கும் அவருடைய கூட்டாளிகளும் கீழாநெல்லிச் சாற்றை அமெரிக்காவில் ஆராய்ந்தார்கள். அங்கே 'உட்சக்' என்று ஒரு பிராணி உண்டு. அணில் குலத்தைச் சேர்ந்தது. பூமிக்குள் வளை தோண்டி வாழும். மனிதனுக்கு வரும் இந்தக் கிருமிக்கு ஒரு பங்காளிக் கிருமி உட்சக்குக்கும் வரும். கீழாநெல்லிச் சாறு செலுத்திய உட்சக்குகளின் ரத்தத்தில் கிருமி குறைந்ததாக 1987-ல் செய்தி வெளியிட்டார்கள்.

மனிதனுக்குப் பலிக்குமா? அந்தச் சோதனை நடந்த இடம் சென்னை!

சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.பி. தியாகராஜன் அதை நடத்தினார். பிற்காலத்தில் அந்தப் பல்கலைக்கழகத்துக்கே துணைவேந்தராக இருந்தவர் இவர். கிருமி உடலில் தங்கிவிட்ட 78 பேரைச் சேர்த்துக்கொண்டார்கள். 40 பேருக்குக் கீழாநெல்லிப் பொடி அடைத்த மாத்திரைக் குப்பி. வேளைக்கு 200 மில்லிகிராம், நாளுக்கு மூன்று வேளை, 30 நாள். மற்ற 38 பேருக்கும் பார்வைக்கு அதே போன்ற குப்பிதான். ஆனால் உள்ளே மருந்து இல்லை, வெறும் பால் சர்க்கரை!

முடிவைப் பார்த்து உலகமே திரும்பிப் பார்த்தது. மறு பரிசோதனைக்கு வந்த கீழாநெல்லிக்காரர்கள் 37 பேரில் 22 பேருடைய ரத்தத்தில் கிருமியின் சட்டையைக் காணவில்லை. சர்க்கரை தின்றவர்களில் திரும்பி வந்த 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்திருந்தது. 1988-ல் லண்டன் 'லான்செட்' பத்திரிகையில் இந்தக் கட்டுரை வெளிவந்தது. எழுதியவர்கள் வரிசையில் பிளம்பர்க்கின் பெயரும் இருந்தது.

தமிழ்நாட்டுச் செடி! சென்னைச் சோதனை! நோபல் பரிசுக்காரர் துணை! இதைவிட நல்ல செய்தி வேறென்ன வேண்டும்?

ஆனால் விஞ்ஞானத்தில் ஒரு கண்டிப்பான வழக்கம் உண்டு. ஒருவர் கண்டதை மற்றவர்களும் செய்து காண வேண்டும். தாய்லாந்தில் செய்து பார்த்தார்கள். கிருமி போகவில்லை. 1990-ல் அதே 'லான்செட்' பத்திரிகையில் அந்தச் செய்தி வந்தது. ஹாலந்தில் செய்தார்கள். நியூசிலாந்தில் செய்தார்கள். அங்கேயும் பலன் இல்லை. எந்த மண்ணில் வளர்ந்த செடி, எந்தப் பருவத்தில் பறித்தது என்பதைப் பொறுத்துக் குணம் மாறும் என்று வாதாடியவர்கள் உண்டு. சென்னையில் சர்க்கரைக் குப்பி வாங்கியவர்களில் 15 பேர் திரும்பி வரவே இல்லை என்பதைச் சுட்டிக்காட்டலாம். 2011-ல் எல்லாச் சோதனைகளையும் சேர்த்து வைத்து எடை போட்டார்கள். கீழாநெல்லி இந்தக் கிருமியை விரட்டும் என்று நம்பத் தகுந்த சான்று இல்லை என்பதே தீர்ப்பு.

அப்படியானால் பாட்டி சொன்னது பொய்யா? பொய் இல்லை. அவள் பார்த்ததைத்தான் சொன்னாள். மஞ்சள் காமாலை பல வகை. கெட்ட தண்ணீரால் வரும் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே போய்விடும். பி வகைக் கிருமி கூட, வளர்ந்த ஆளுக்குப் புதிதாகத் தொற்றினால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் உடலிலிருந்து தானாக விலகிவிடும். அந்தச் சில வாரங்களில் கீழாநெல்லியும் குடித்திருப்பார்கள். பெயர் செடிக்குப் போனது. உண்மையில் வேலை செய்தவன் வேறொருவன்!

அவனைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

பரண் மேல் ஒருவன்

கரிசல் காட்டில் சோளக் கதிர் பால் பிடிக்கும் சமயம் குருவி கூட்டமாக இறங்கும். பரண் கட்டி அதன் மேல் ஒருவனை நிறுத்துவார்கள். அவன் கவண் சுற்றுவான். தகரம் தட்டுவான். "ஆலோலம்" என்று கத்துவான்.

நம் ரத்தத்திலும் அப்படிக் காவல்காரர்கள் உண்டு. வெள்ளை அணுக்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அவற்றில் ஒரு வகைக்கு 'டி செல்' என்று பெயர். நெஞ்சுக்கூட்டுக்குள் இருக்கும் தைமஸ் என்ற சுரப்பியில் இவை பாடம் படிக்கின்றன. என்ன பாடம்? 'இவன் நம்மவன், இவன் அந்நியன்' என்று பிரித்துப் பார்க்கும் பாடம். கிருமி புகுந்த அணு எது என்று மோப்பம் பிடித்து, அதைத் தீர்த்துக் கட்டுவது இவற்றின் தொழில். 'பி செல்' என்று இன்னொரு வகை உண்டு. அது கிருமியைப் பிடித்துக் கட்டும் எதிர்ப்பொருளைத் தயாரிக்கும்.

இப்போது ஒரு ஆச்சரியத்தைச் சொல்கிறேன். ஹெபடைடிஸ்-பி கிருமி ஈரலைத் தின்பதில்லை!

ஈரல் அணுவுக்குள் அது குடியேறும். தன்னைப் போலவே பல கிருமிகளைச் செய்து வெளியே அனுப்பும். அந்த அணு சாகாமல் தன் வேலையையும் பார்த்துக்கொண்டிருக்கும். ஈரலைப் புண்ணாக்குவது யார்? நம் காவல்காரனேதான்! கிருமி புகுந்த அணுவை அவன் உடைக்கிறான். அணு உடைந்தால் உள்ளிருக்கும் பொருள் ரத்தத்தில் கசியும். ரத்தப் பரிசோதனைச் சீட்டில் 'எஸ்.ஜி.பி.டி.' என்று ஒரு எண் போட்டிருப்பார்களே, அந்தக் கசிவின் அளவுதான் அது. எண் ஏறினால் உள்ளே சண்டை நடக்கிறது என்று அர்த்தம்.

சண்டை சட்டென்று முடிந்தால் நல்லது. ஆறு வாரமோ ஆறு மாதமோ கழித்து ஈரல் பழையபடி வளர்ந்துவிடும். அறுத்தாலும் வளரக்கூடிய உறுப்பு அது. சண்டை முடியாமல் இருபது வருஷம், முப்பது வருஷம் இழுத்தால்? புண் ஆறிய இடம் தழும்பாகும். தழும்பின் மேல் தழும்பு விழுந்து ஈரல் சுருங்கும். வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும். சிலருக்குப் புற்றுநோய் வரும். உலகம் முழுவதும் 2022-ம் ஆண்டில் மட்டும் இந்தக் கிருமியால் 11 லட்சம் பேர் இறந்தார்கள்.

காவல்காரனுக்குக் கொல்லத்தான் தெரியும் என்று நினைத்துவிடாதீர்கள். கலிபோர்னியாவில் சிம்பன்சிக் குரங்குகளை வைத்து ஆராய்ந்தவர்கள் 1999-ல் ஒரு உண்மையைக் கண்டார்கள். ஈரல் அணுக்கள் பெருமளவில் சாவதற்கு முன்பே கிருமியின் பெரும்பகுதி மறைந்துவிட்டது. காவல்காரன் ஒரு வகை ரசாயனத்தைச் சுரக்கிறான். அதன் வேகத்தில் அணு சாகாமலே கிருமி அடங்கிப்போகிறது. பிறகு 2003-ல் ஒரு சிம்பன்சியின் டி செல்களைத் தற்காலிகமாக அகற்றிப் பார்த்தார்கள். அவை திரும்பி வரும் வரை கிருமி அசையவில்லை. வந்த பிறகுதான் ஒழிந்தது. ஆக, இந்தக் கிருமியை விரட்டுவது அந்த ஒருவன் கையில்தான் இருக்கிறது.

தொண்டை கட்டிய காவல்காரன்

அப்படிப்பட்ட சூரன், திருச்சுழி வாலிபனின் உடம்பில் மட்டும் ஏன் சும்மா இருக்கிறான்?

விடை அவன் பிறந்த நாளில் இருக்கிறது. வளர்ந்தவர்களுக்குத் தொற்றினால் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவாகவே கிருமி நிலைத்துத் தங்கும் என்று பார்த்தோம். பிறக்கும்போதே தாயிடமிருந்து தொற்றினால் கணக்கு தலைகீழ்! நூற்றுக்குத் தொண்ணூறு குழந்தைகளிடம் தங்கிவிடும். அப்போதுதான் கண் விழித்த காவல் படை அது. வாத்தியார் பாடம் நடத்தும்போதே திருடனும் வகுப்பில் வந்து உட்கார்ந்துகொண்டால், பிள்ளைகள் யாரைத் திருடன் என்பார்கள்?

அடுத்தபடியாக, கிருமி ஒரு தந்திரம் செய்கிறது. முழுக் கிருமி ஒன்றைச் செய்யும் இடத்தில், உள்ளே ஒன்றும் இல்லாத வெறும் சட்டைகளை ஆயிரக்கணக்கில் தைத்து ரத்தத்தில் மிதக்க விடுகிறது. சோளக்கொல்லைப் பொம்மை குருவியை ஏமாற்றும். இங்கே குருவி பொம்மை செய்து காவல்காரனை ஏமாற்றுகிறது! எங்கே திரும்பினாலும் எதிரி. ராத்திரி பகல் கத்தினால் தொண்டை என்னாகும்?

கட்டிப் போகும். காவல்காரன் பரண் மேல்தான் இருப்பான். கண் பார்க்கும், கை எழாது. விஞ்ஞானிகள் இதற்குக் 'களைப்பு' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். களைத்த டி செல்லின் மேல் 'பி.டி.-1' என்ற ஒரு பூட்டு நிறையத் தென்படும். வண்டிக்குப் பிரேக் மாதிரி. சண்டை எல்லை மீறிப் போகாதபடி தடுக்க இயற்கை வைத்த பிரேக் அது. களைத்தவனிடம் பிரேக் இறுகிப் போய்விடுகிறது. நெடுநாள் கிருமி தங்கியவர்களின் டி செல்களில் இது மிகுந்திருப்பதை இத்தாலியில் பார்மா நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 2007-ல் காட்டினார்கள். கண்ணாடிக் குழாயில் வைத்து அந்தப் பிரேக்கைத் தளர்த்தினால் சில செல்கள் மறுபடி துள்ளி எழுந்தன. 2018-ல் லண்டனிலும் சிங்கப்பூரிலும் பி செல்களுக்கும் இதே கதிதான் என்று கண்டார்கள்.

ஒரு சொட்டு ரத்தத்தில் என்ன பார்க்கிறார்கள்?

கண்ணுக்குத் தெரியாத அணு களைத்திருக்கிறது என்று எப்படித் தெரியும்? நியாயமான கேள்வி.

கிருமி தங்கியவரிடம் கொஞ்சம் ரத்தம் வாங்குவார்கள். தயிர் கடைவதுபோல அதை யந்திரத்தில் வைத்து வேகமாகச் சுழற்றுவார்கள். சிவப்பணு அடியில் தங்கும். மஞ்சள் நீர் மேலே நிற்கும். நடுவே மெல்லிய ஆடைபோல வெள்ளை அணுக்கள் படியும். அந்த ஆடையை எடுத்து, ஒளிவிடும் சாயங்களை ஏற்றுவார்கள். டி செல்லுக்கு ஒரு நிறம். பிரேக்குக்கு ஒரு நிறம். பிறகு அணுக்களை ஒன்றன் பின் ஒன்றாக ஒற்றை வரிசையில் லேசர் ஒளிக்கு முன்னால் ஓட விடுவார்கள். ஒரு விநாடியில் ஆயிரக்கணக்கான அணுக்கள் ஓடும். எத்தனை பேர் வந்தார்கள், யார் யாரிடம் பிரேக் இறுகியிருக்கிறது என்று யந்திரம் எண்ணிச் சொல்லிவிடும்.

இன்னொரு சோதனை, ஆளைச் சீண்டிப் பார்ப்பது. கிருமியின் சிறு துண்டுகளை அந்த அணுக்களுக்குக் காட்டுவார்கள். விழிப்பாக இருப்பவன் உடனே 'இன்டர்பெரான்' என்ற ரசாயனத்தைச் சுரப்பான். அது தட்டில் புள்ளியாக விழும். புள்ளியை எண்ணினால் விழிப்பானவர்களை எண்ணியதாகும். களைத்தவன் புள்ளி வைக்க மாட்டான்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. சண்டை நடப்பது ஈரலில். ரத்தத்தில் பார்ப்பது ரோட்டில் நின்று வீட்டுச் சண்டையை ஒட்டுக் கேட்பது போல! அதனால் இப்போது சில இடங்களில் மெல்லிய ஊசியை ஈரலுக்குள் செலுத்தி, அங்கேயே உள்ள அணுக்களை உறிஞ்சி எடுத்துப் பார்க்கிறார்கள்.

பார்க்கப் பார்க்கப் பழைய எண்ணங்கள் மாறுகின்றன. பிறவியிலேயே கிருமி பெற்ற பிள்ளைகளின் காவல் படை முழுத் தூக்கத்தில் இருக்கிறது என்றே வெகு காலம் சொல்லி வந்தார்கள். 2012-ல் லண்டன், சிங்கப்பூர் ஆராய்ச்சியாளர்கள் சிறு வயதினரின் ரத்தத்தை எடுத்துப் பார்த்தபோது, வயதானவர்களைவிட அவர்களுடைய டி செல்கள் தெம்பாகவே இருந்தன. வருஷம் ஆக ஆகத்தான் களைப்பு ஏறுகிறது. வைத்தியத்தை முன்கூட்டியே தொடங்க வேண்டுமோ என்ற விவாதம் அதிலிருந்து வலுத்தது.

வெட்டினாலும் துளிர்க்கும் கட்டை

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் பஸ்ஸில் போனால் ஜன்னலுக்கு வெளியே என்ன தெரியும்? சீமைக் கருவேலம்! வெட்டிக் கரி போட்டாலும் அடுத்த மழைக்கு அதே கட்டையில் துளிர் விடும். தூரோடு தோண்டி எடுத்தால்தான் ஒழியும். இந்தச் சீமைக்காரர்களுக்கு அதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஹெபடைடிஸ்-பி கிருமிக்கும் அப்படி ஒரு தூர் உண்டு. ஈரல் அணுவின் நடுக் கருவுக்குள் ஒரு சிறு வளையமாகப் பதுங்கியிருக்கும். இன்று கொடுக்கப்படும் 'டெனோபோவிர்', 'என்டகாவிர்' மாத்திரைகள் நல்ல மருந்துகள். கிளையையெல்லாம் வெட்டிச் சாய்த்துவிடும். கிருமி பெருகாது. ஈரல் தழும்பாவது குறையும். புற்றுநோய் அபாயமும் குறையும். ஆனால் தூரை அசைக்காது. நமக்குத்தான் குணமாகிவிட்டதே என்று டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தினால் மறுபடி துளிர்க்கும். சில சமயம் முன்னைவிட மூர்க்கமாக!

தூரைப் பிடுங்க ஆள் வேண்டும். அதனால்தான் களைத்த காவல்காரனை எழுப்ப இவ்வளவு பாடு. நியூசிலாந்தில் ஒரு சிறு கூட்டம் நோயாளிகளுக்குப் பிரேக்கைத் தளர்த்தும் ஊசி போட்டுப் பார்த்தார்கள். 2019-ல் முடிவு வந்தது. ஒரே ஒருவருக்குக் கிருமியின் சட்டை அடியோடு மறைந்தது. மறைவதற்கு முன் அவருடைய எஸ்.ஜி.பி.டி. குபீரென்று ஏறியது. காவல்காரன் எழுந்துவிட்டான் என்பதற்கு அடையாளம் அது! வேறொரு வழி, வெறும் சட்டைகள் தைப்பதை முதலில் நிறுத்திக் காவல்காரனுக்கு மூச்சு விட நேரம் கொடுப்பது. 'பெபிரோவிர்சன்' என்ற ஊசியை ஆறு மாதம் போட்டதில் சுமார் பத்தில் ஒருவருக்குச் சட்டை மறைந்து, ஊசியை நிறுத்தி ஆறு மாதமாகியும் திரும்பவில்லை என்று 2022-ல் செய்தி வந்தது. பத்தில் ஒருவர்தானா என்று கேட்கலாம். முன்பு வருஷத்துக்கு நூற்றில் ஒருவருக்கு மறைந்தாலே பெரிது என்று இருந்ததை நினைத்துப் பாருங்கள்.

களைத்தவனாக இருந்தாலும் காவல்காரன் காவல்காரன்தான். அவனை முழுக்கத் தூங்க வைத்துவிட்டால் ஆபத்து. மூட்டுவலிக்கும் தோல் வியாதிக்கும் கொடுக்கும் ஸ்டீராய்டு மருந்தும், புற்றுநோய்க்குக் கொடுக்கும் சில மருந்துகளும் அவனை அமுக்கிவிடும். உடனே கிருமி கிளம்பும். என்றோ வந்து போய்விட்டது என்று நினைத்தவர்களுக்கே மறுபடி கிளம்பி உயிருக்கு உலை வைத்தது உண்டு. ஆகையால் இந்தக் கிருமி உள்ளவர்கள் எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும். என்ன மருந்து என்று தெரியாமல் வாங்கும் பொட்டலத்துக்கு இங்கே இடமே இல்லை.

வீட்டில் அனைவருக்கும் ரத்தப் பரிசோதனை

நம் வாலிபன் கதைக்கு வருவோம். அவன் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனான். தேசிய வைரல் ஹெபடைடிஸ் தடுப்புத் திட்டம் 2018 ஜூலை 28-ல் தொடங்கியதிலிருந்து அதன் மையங்களில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். ரத்தத்தில் கிருமி குறைவு. எஸ்.ஜி.பி.டி. சரியாக இருந்தது. ஈரலில் தழும்பு இல்லை. "இப்போது மருந்து வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒரு தரம் வந்து காட்டு. சாராயத்தைத் தொடாதே" என்றார் டாக்டர்.

"கல்யாணம் செய்யலாமா, டாக்டர்?"

"தாராளமாக. பெண்ணிடம் மறைக்காதே. அவளுக்கு முதலில் ரத்தப் பரிசோதனை. கிருமி இல்லை என்றால் மூன்று தடுப்பூசி. அவ்வளவுதான்!"

ஒரே தட்டில் சாப்பிட்டால் இது ஒட்டாது. ஒரே டம்ளரில் தண்ணீர் குடித்தாலும் ஒட்டாது. கட்டித் தழுவினாலும், பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சினாலும் ஒட்டாது. ரத்தத்தாலும், தாம்பத்திய உறவாலும், பிரசவத்தின்போதும்தான் பரவும். சவரக் கத்தி, பல் விளக்கும் பிரஷ், பச்சை குத்தும் ஊசி, காது குத்தும் ஊசி ஆகியவற்றில்தான் எச்சரிக்கை வேண்டும். தனித் தட்டு, தனிப் பாய் கொடுத்து ஒதுக்கி வைக்கிற வீடுகள் இன்றும் இருக்கின்றன. அது வீண் கொடுமை.

"வீட்டில் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வா" என்றார் டாக்டர். தாய் வந்தாள். கல்யாணமாகி ஆறு மாதக் கர்ப்பமாக இருந்த தங்கையும் வந்தாள்.

தங்கைக்கும் கிருமி இருந்தது. தாய்க்கும் இருந்தது!

கிழவி வெகு நேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்: "நானாய்யா குடுத்தேன் எம் புள்ளைகளுக்கு?"

அவளுக்கு யார் கொடுத்தார்கள்? அவளுடைய தாயாக இருக்கலாம். அதற்கு முன் இன்னொரு தாய். அந்த நாட்களில் யாரிடம் பரிசோதனை இருந்தது? மகன் பிறந்தது 1999-ல். ஐதராபாத்தில் சாந்தா பயோடெக்னிக்ஸ் கம்பெனி இந்தத் தடுப்பூசியை நம் நாட்டிலேயே தயாரித்து விற்கத் தொடங்கி அப்போது இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. நாடு முழுவதும் எல்லாக் குழந்தைகளுக்கும் அரசாங்கமே போடுவது என்று ஆனது 2011-ல்தான். டாக்டர் இதையெல்லாம் அவளுக்குச் சொன்னார். அவள் தலையாட்டினாள்.

தங்கையின் ரத்தத்தில் கிருமி ஏராளமாக இருந்தது. கடைசி மூன்று மாதம் அவளுக்கு டெனோபோவிர் மாத்திரை கொடுத்தார்கள். குழந்தை கார்த்திகை மாதத்தில் ஒரு நடுநிசியில் பிறந்தது. பெண் குழந்தை. பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் தடுப்பூசி விழுந்தாக வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. கிருமியுள்ள தாயின் குழந்தை என்பதால், தயார் நிலையில் உள்ள எதிர்ப்பொருள் ஊசி ஒன்றும் கூடவே உண்டு. ஒரு தொடையில் ஒன்று, மறு தொடையில் மற்றொன்று. பிறகு ஆறாவது வாரம், பத்தாவது வாரம், பதினான்காவது வாரம்.

"பால் குடுக்கலாமா?" என்று கேட்டாள் பிள்ளை பெற்றவள்.

"குடும்மா" என்றாள் நர்ஸ்.

பாட்டி இரண்டு தொடையிலும் இருந்த பஞ்சை விலக்கிப் பார்த்தாள். பிறகு, பழக்கம் விடுமா? குழந்தையை வெளிச்சத்துக்கு எடுத்துப் போய்க் கண் இமையை விலக்கிப் பார்த்தாள். குழந்தை வீறிட்டு அழுதது.